ஓடு மறுக்கப்பட்ட வீடு

கண்டியின் கட்டடக்கலையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி தலதா மாளிகையையும், அரச சபை கூடிய மகுல் மடுவ என்னும் மண்டபத்தையும், உடுநுவரப் பகுதியில் ஒன்றுக்கொன்று அண்மையில் நிற்கும் எம்பெக்க, லங்காதிலக, கடலாதெனிய ஆகிய வழிபாட்டிடங்களையும் சுற்றியே அமைந்திருக்கிறது. 1988 இல் கண்டி நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோதும் முதலிடம் பெற்றவை தலதா மாளிகையும் அரண்மனைத் தொகுதியுமே. இவற்றின் அருமையில் ஐயமில்லை. ஆனால் அந்த இராச்சியத்தின் குடிகளில் மிகப் பெரும்பாலோர் பிறந்ததும், நெல் குத்தியதும், நோயுற்றுக் கிடந்ததும், இறந்ததும் மரக்கால் நட்டு, வரிச்சுக் கட்டி, மண் அப்பி, புல் வேய்ந்த சிறு வீடுகளில்தான். அந்த வீட்டின் கட்டமைப்பை அறியாமல் மேற்சொன்ன பெருங்கட்டடங்களைப் பார்ப்பவர் அவற்றின் செதுக்குவேலையைக் கண்டு வியக்கலாமே தவிர, அவை ஏன் அவ்வாறு நிற்கின்றன என்பதை முழுதாக விளங்கிக்கொள்ள இயலாது. ஏனெனில் பெரியவற்றின் இலக்கணம் சிறியதிலிருந்தே பிறந்திருக்கிறது.

இந்த வீட்டை மத்தியகால வீடு என்று அழைப்பதற்குக் கண்டியில் தனிப்பட்ட நியாயம் உண்டு. ஐரோப்பிய வரலாற்றில் மத்தியகாலம் 15 ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. கண்டியிலோ அது 1815 வரை நீடித்தது என்பது ஆனந்த குமாரசுவாமியின் முடிபு. கொழும்பில் 1877 இல், சட்டவாக்க சபை உறுப்பினராக விளங்கிய தமிழர் சேர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த அவர், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் இயக்குநராக மலையகக் கிராமங்களில் கல்லும் கனிமமும் தேடி நடந்த ஆண்டுகளில் கண்டிக் கைவினைஞரின் உலகத்தைக் கண்டுகொண்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் அவர் வெளியிட்ட பெருநூல் முதன்மையாக 18 ஆம் நூற்றாண்டின் கண்டியைப் பற்றியது. தச்சரும் கொல்லரும் தம் பணிக்கு ஈடாக நிலம் பெற்று, அந்நிலத்தின் பெயரால் அரசனுக்கோ கோவிலுக்கோ ஊழியம் செய்த முறை, அதாவது இராஜகாரிய முறை, உயிரோடு இருந்தவரை அந்தச் சமூகம் மத்தியகாலச் சமூகமே என்று அவர் கருதினார். அந்நூல் அச்சானபோது அவர் குடியிருந்தது இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் பகுதியில், இடிந்து கிடந்த ஒரு மத்தியகாலச் சிற்றாலயத்தைச் சீர்செய்து ஆக்கிய வீட்டில். நூலை அச்சிட்டது வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கைப்பொறி. கண்டிக் கைவினையைப் பற்றிய சிந்தனை இங்கிலாந்தின் பழைய கைவினை வாழ்வின் நினைவோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சிறு வீட்டைப் பற்றிய மிக விரிவான பழைய விவரிப்பைத் தந்தவரும் ஓர் ஆங்கிலேயரே. 1660 இல் கொட்டியாரக் குடாவில் தம் தந்தையோடும் கப்பல் தோழர்களோடும் பிடிபட்ட றொபர்ட் நொக்ஸ், இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாக ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பி, 1681 இல் தம் நூலை இலண்டனில் வெளியிட்டார். அவருடைய கைதி வாழ்க்கை சிறைக்கூடத்தில் கழிந்ததன்று. ஊர் ஊராக விடப்பட்டு, தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் வாழ்ந்த அவர், இறுதியில் உடுநுவரவின் எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கி, தாமே வீடு கட்டிக் குடியிருந்தார். ஆகவே வீடு பற்றி அவர் எழுதியதில் வழிப்போக்கரின் அவசரம் இல்லை. கம்பு வெட்டிக் கட்டிப் பார்த்தவரின் திருத்தம் இருக்கிறது. அவர் கூறுவதன் சாரம் இது: குடிகளின் வீடுகள் சிறியவை, தாழ்ந்தவை, புல் வேய்ந்தவை; கம்புகளால் கட்டிக் களிமண் பூசப்பட்டவை; சுவர்கள் மிக வழவழப்பானவை. தச்சரை அமர்த்தும் வழக்கம் பெருங்குடியினர் சிலரிடமே உண்டு. ஏனையோர் தத்தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்கின்றனர். ஆணி என்பதே இல்லை. எல்லா இணைப்பும் பிரம்பாலும் கொடியாலும் கட்டப்படுகிறது. மாடி எழுப்பவும், ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் குடிகளுக்கு அனுமதி இல்லை.

அந்தக் கடைசித் தடைகளை ஆராய்வதற்கு முன், வீடு எவ்வாறு எழுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும்.

முதலில் மண்ணால் ஒரு மேடை எழுப்பப்படுகிறது. மழைநீர் உட்புகாதபடி முற்றத்தைவிட உயர்ந்து நிற்கும் இம்மேடையின் விளிம்பே பின்னர் சுவருக்கு வெளியே நீண்டு, சிங்களத்தில் பில எனப்படும் திண்ணையாகிறது. மேடையில் குழி தோண்டி மரக்கால்கள் நடப்படுகின்றன. வைரம் பாய்ந்த பலாவும் மில்லவும் இதற்கு உகந்தவை, ஏனெனில் கறையான் வைரத்தை எளிதில் தொடுவதில்லை. கால்களின் தலையில் இயற்கையான கவையோ வெட்டிய பள்ளமோ இருக்கும். அதில் உத்தரம் கிடத்தப்பட்டு, உத்தரத்திலிருந்து முகட்டு மரத்துக்குக் கைமரங்கள் சாய்த்துக் கட்டப்படும். கைமரங்களின் குறுக்கே பிளந்த கித்துள் மரச் சிம்புகளோ கமுகஞ் சிம்புகளோ நெருக்கமாகக் கட்டப்பட்டு, அவற்றின்மேல் இலுக்குப் புல்லோ வைக்கோலோ வேயப்படும். இந்தக் கட்டத்தில் வீட்டுக்குச் சுவர் இல்லை; ஆனால் கூரை முடிந்துவிட்டது, மழை பெய்தால் ஒதுங்கலாம், அடுப்பு மூட்டலாம். சுவரில்லாத வீடு வீடாகவே நிற்கக்கூடும் என்பதுதான் இக்கட்டமைப்பின் உயிர்நிலை. செங்கல்வீட்டில் சுவர் கூரையைத் தாங்குகிறது. இங்கே கூரையைத் தாங்குவது மரக்கால். சுவர் எதையும் தாங்குவதில்லை. காற்றையும் விலங்கையும் அயலார் பார்வையையும் தடுப்பது மட்டுமே அதன் வேலை.

அந்தச் சுவரை எழுப்பும் முறை கவனத்துக்குரியது. நட்ட கால்களின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் கிடையாகச் சிம்புகள் ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாகக் கட்டப்படுகின்றன, இவையே வரிச்சுகள். இரண்டு வரிச்சு வரிசைகளுக்கும் இடையே கால்களின் பருமனுக்குச் சமமான வெளி இருக்கும். களிமண்ணை நீர்விட்டு ஊறவைத்து, காலால் மிதித்து, உமியோ நறுக்கிய வைக்கோலோ கலந்து, மீண்டும் மிதித்துப் பதப்படுத்துவர். உருட்டி எடுத்த மண்ணை ஒருவர் உள்ளேயிருந்தும் மற்றவர் வெளியேயிருந்தும் ஒரே வேளையில் வரிச்சுகளுக்கிடையே அழுத்தவேண்டும். இரு பக்கத்து உருண்டைகளும் நடுவில் சந்தித்து ஒன்றாகும்போதுதான் சுவர் பிடிக்கும். ஒருவரே இரு பக்கமும் மாறி மாறி அப்பினால் ஒரு பக்கத்து மண் மறுபக்கம் பிதுங்கி விழும். இதனால் இந்தச் சுவர் குறைந்தது இருவருடைய வேலையாகவே இருந்திருக்கிறது. நடைமுறையில் உறவும் அயலும் கூடிய வேலையாக இருந்தது. மண் உலரும்போது வெடிக்கும். வெடிப்புகள் சன்ன மண்ணால் அடைக்கப்பட்டு, அதன்மேல் புற்றுமண்ணும் சாணமும் கலந்த பூச்சு கையால் தேய்க்கப்படும். நொக்ஸ் குறிப்பிடும் வழவழப்பு இந்தக் கடைசித் தேய்ப்பின் பேறு. கரணைக்குக் கிட்டாத மென்மை உள்ளங்கைக்குக் கிட்டும். மூலைகள் கூர்மையாக இல்லாமல் சற்றே உருண்டு முடிவதும் அதே கையின் விளைவுதான்.

வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு ஆயுள் விதிக்கப்பட்டிருந்தது. நிலமெழுகு சில நாட்களில் தேயும். சுவரின் மேற்பூச்சு ஆண்டுதோறும், பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டி, புதுப்பிக்கப்படும். வைக்கோற்கூரை ஓரிரு ஆண்டும் இலுக்குக்கூரை அதனினும் கூடுதலாகவும் தாங்கும். பலாமரக் கால் பாட்டன் நட்டதைப் பேரன் காணும்வரை நிற்கும். விரைவில் அழிவது வெளியே, மெல்ல அழிவது உள்ளே என்ற ஒழுங்கும் தற்செயலானதன்று. கூரை சுவரைக் காக்கிறது, சுவர் காலைக் காக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் வரை மழை பெறும் கண்டிப் பகுதியில், நனைந்தால் கரைந்துவிடும் மண்ணைக்கொண்டு சுவர் கட்டத் துணிந்ததற்குக் காரணம், அந்தச் சுவரின் தலைக்குமேல் நீண்டு தாழ்ந்த இறவாரம் இருந்ததுதான். இறவாரம் தாழ்ந்திருப்பதால் உள்ளே நுழைபவர் குனிந்தே நுழையவேண்டும். இதை வறுமையின் அடையாளமாக எழுதிய பயணிகள் பலர். மழைச்சாரல் சாய்ந்து வீசும் மலைச்சரிவில், உயரமான இறவாரத்தின்கீழ் மண்சுவர் ஒரு பருவத்துக்கும் தாங்காது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை.

புகையும் இக்கட்டமைப்பின் ஓர் உறுப்பு. வீட்டின் ஒரு மூலையில் மூன்று கல் அடுப்பு; புகைபோக்கி கிடையாது. அடுப்புக்கு மேலே கட்டப்பட்ட பரண், சிங்களத்தில் தும் மெஸ்ஸ எனப்படுவது, புகையில் உலரவேண்டியவற்றின் இடம். விதைக்கான தானியமும் மிளகாயும் மழைக்கால விறகும் அங்கே ஏறும். மேலே செல்லும் புகை கூரைப்புல்லின் ஊடே கசிந்து வெளியேறும்போது கைமரத்திலும் கட்டுக்கொடியிலும் கரிப்படலம் படிந்து, பூச்சிகளை விலக்கி, அழுகலைத் தாமதப்படுத்துகிறது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் புல்வீடு குடியிருக்கும் வீட்டைவிட விரைவாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். நொக்ஸ் புகையால் வீடுகள் கறுத்திருப்பதைக் குறையாகவே பதிவுசெய்தார். அவர் பிறந்த நாட்டில் இதே நிலை அவருடைய பாட்டனார் தலைமுறையில்தான் மாறத் தொடங்கியிருந்தது. 1577 இல் வெளியான வில்லியம் ஹரிசனின் இங்கிலாந்து விவரிப்பில், ஊர் முதியவர்கள் தம் வாழ்நாளில் கண்ட பெருமாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகள் பெருகியதைச் சொல்கிறார்கள். அதற்கு முந்திய ஆங்கிலக் குடியானவன் வீடும் மரச்சட்டகம், பின்னிய சுள்ளி, அப்பிய மண், வேய்ந்த வைக்கோல், நடுக்கூடத்தில் திறந்த அடுப்பு என்றே இருந்தது. டெவன் பகுதியின் சில பழைய வீடுகளில், மேலே மேலே புதுக்கூரை வேயப்பட்டதால் அடியில் தங்கிவிட்ட மத்தியகாலப் புகைக்கரி படிந்த வைக்கோல் இன்றும் கிடைக்கிறது. அதிலிருந்து அக்காலப் பயிர்வகைகளைக்கூட ஆய்வாளர்கள் அறிந்திருக்கிறார்கள். கண்டியில் அத்தகைய அடுக்கு எஞ்சுவதற்கு வழியில்லை. இங்கே பழைய புல் இறக்கப்பட்டுத் தோட்டத்துக்கு உரமாகிவிடும், ஈரமும் கறையானும் மிச்சத்தை முடித்துவிடும்.

இனித் தடைகள். ஓடும் சுண்ணாம்பும் மாடியும் கோவிலுக்கும் அரண்மனைக்கும் அரசனின் அனுமதி பெற்ற பிரதானிகளுக்கும் உரியவை. நாற்காலிக்கும் இதே விதி: நொக்ஸின் காலத்தில் சாய்மானம் உள்ள இருக்கையில் அமரும் உரிமை அரசனுக்கு மட்டுமே இருந்தது; ஏனையோருக்கு முக்காலி, அதற்கும் கீழானோருக்குப் பாய். உடையின் நீளம் தகுதியைச் சொன்னதுபோல் கூரையின் பொருளும் தகுதியைச் சொன்னது. ஆகவே கண்டியின் புல்வீட்டைப் பார்த்து, அந்த மக்கள் ஓடு சுடத் தெரியாதவர்கள் என்று முடிவுசெய்வது பெரும் பிழை. ஓடு சுடும் குயவன் அதே ஊரில், அதே மாதிரிப் புல்வீட்டில் குடியிருந்தான். அவன் சுட்ட ஓடு பக்கத்துத் தேவாலயத்தின் மேல் ஏறியது. திறமை இருந்தது, மண் இருந்தது, சூளை இருந்தது, அனுமதிதான் இல்லை.

சுண்ணாம்புத் தடைக்கு மக்கள் கண்ட மாற்று மனதைத் தொடுவது. மலைநாட்டில் மக்குல் என்ற வெண்களிமண் கிடைக்கிறது. சுண்ணாம்பு கூடாது என்ற இடத்தில் அதைக் கரைத்துச் சுவருக்குப் பூசினர். நொக்ஸும் இத்தகைய வெண்மண் பூச்சைக் குறிப்பிடுகிறார். விகாரைச் சுவர்களில் ஓவியம் தீட்டுவதற்கு முன் வெண்தளமாகப் பூசப்பட்டதும் இதே மக்குல்தான். சாதகக் கதைகளின் யானைகளும் அரசர்களும் எந்த வெண்மையின்மேல் தோன்றினார்களோ, அதே வெண்மை குடியானவனின் திண்ணைச் சுவரிலும் இருந்திருக்கிறது.

பிரதானிகளின் வீடு, அதாவது வளவு, இச்சிறு வீட்டைப் பெருக்கியதே. எதிரெதிரே இரண்டு கட்டடங்கள், அவற்றை இருபுறமும் இணைக்கும் சுவர்கள், நடுவில் திறந்த முற்றம், முற்றத்தைச் சுற்றி மண்திண்ணை என்று நொக்ஸ் விவரிக்கும் அமைப்பு யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டையும் தமிழகத்து முற்றம் வைத்த வீட்டையும் அறிந்த தமிழருக்குப் புதிதன்று. 1739 முதல் 1815 வரை ஆண்ட, மதுரைப் பகுதியிலிருந்து வந்த நாயக்கர் வழி அரசர்களின் உறவினர் குடியிருந்த தெரு கண்டியில் இன்றும் மலபார் வீதி என்ற பெயரில் இருக்கிறது. எனினும் நாயக்கர் காலத்திலும் நகரத்தின் தோற்றம் பெரிதாக மாறிவிடவில்லை. பிரித்தானியப் படையின் மருத்துவராக வந்த ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில் காணும் கண்டி நகரம், நேரான அகன்ற தெருக்களில் ஒருமாடி மண்வீடுகள் நிற்க, பிரதானிகளின் வீடுகள் தவிர மற்றவை யாவும் புல் வேய்ந்த நகரமாகவே இருக்கிறது.

தடை தகுதியைக் காப்பதற்கு வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ண இடமுண்டு. போர்த்துக்கேயர் பலமுறை, ஒல்லாந்தர் 1765 இல், ஆங்கிலேயர் 1803 இல் என்று தலைநகருக்குள் புகுந்த படைகள் பெரும்பாலும் கண்டது ஆளற்ற நகரத்தை. மக்களும் அரசனும் காட்டுக்குள் விலகி, மழையும் காய்ச்சலும் பட்டினியும் பகைவனைத் தேய்க்கும்வரை காத்திருந்து, பின்னர் திரும்பினர். இந்தப் போர்முறைக்கு, விட்டுச் செல்வதற்கு மனம் கனக்காத வீடு தேவை. காடு அருகில் இருக்க, கை பழகியிருக்க, அயலார் கூட வர, எரிந்துபோன வரிச்சு வீட்டை ஒரு வறட்சிப் பருவத்துக்குள் மீண்டும் எழுப்பிவிடலாம். அரசர்கள் இதை எண்ணித்தான் ஓட்டைத் தடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஓடில்லாத நாடு படையெடுப்பைத் தாங்கும் வலிமை பெற்றிருந்தது என்பது வரலாற்றில் தெரிகிறது. அந்த வலிமையும் எல்லையற்றதன்று. 1818 கிளர்ச்சியை அடக்கும்போது ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் பிரித்தானியர் வீடுகளோடு நெல்லையும் கால்நடையையும் பழமரங்களையும் அழித்தனர். மீண்டும் வந்து வீடு கட்டுவதற்கு உண்ண ஏதும் இல்லாத நிலத்தில் கைப்பழக்கம் என்ன செய்யும்?

கட்டடக்கலையின் கண்ணோடு பார்க்கும்போது இச்சிறு வீட்டின் பெருங்குறை ஒன்றுதான்: அதன் கால்கள் மண்ணில் புதைந்திருந்தன. ஈரமும் காற்றும் ஒருங்கே படும் தரைமட்டத்தில்தான் எந்த மரமும் முதலில் உளுத்துப்போகும். ஐரோப்பாவில் மத்தியகாலத்தின் பிற்பகுதியில் நிகழ்ந்த பெருமாற்றமே, கால்களை மண்ணிலிருந்து எடுத்துக் கல்வரிசையின்மேல் கிடத்திய அடிவிட்டத்தில் பொருத்தியதுதான். அதன்பிறகே அங்கே மரச்சட்டக வீடுகள் நூற்றாண்டுகளைக் கடக்கத் தொடங்கின. கண்டித் தச்சர்களும் இந்தத் தீர்வை நன்றாக அறிந்திருந்தனர். அதை அவர்கள் எங்கே பயன்படுத்தினர் என்பதுதான் முக்கியம்.

முதலாவது, நெல்லுக்கு. முற்றத்தோரம் நின்ற நெற்களஞ்சியம், பின்னிய வட்டக் கூடாக இருந்தால் பிஸ்ஸ என்றும் பலகை அறையாக இருந்தால் அட்டுவ என்றும் பெயர் பெறும். இரண்டும் கற்களின்மேலோ கட்டைக் கால்களின்மேலோ ஏற்றி வைக்கப்பட்டன. எலியும் ஈரமும் கறையானும் நெல்லைத் தொடக்கூடாது. இரண்டாவது, வழிப்போக்கருக்கு. பாதையோரத் தங்குமடமான அம்பலத்தின் நல்ல எடுத்துக்காட்டுகள் குருணாகல் மாவட்டத்துப் பனாவிட்டியவிலும் கரகஹகெதரவிலும் இருக்கின்றன. பெரும் மரவிட்டங்களைச் சதுரமாகக் கற்களின்மேல் கிடத்தி, விட்டத்திலிருந்தே தூண்கள் எழுந்து கூரையைத் தாங்குகின்றன, விட்டமே இருக்கையுமாகிறது. தரையைத் தொடும் மரம் ஒன்றுகூட இல்லாமையாலேயே அவை இன்றும் நிற்கின்றன. மூன்றாவது, புத்தருக்கு. டெம்பிட்ட விகாரை என்பது குட்டையான கற்றூண்களின்மேல் மரவிட்டங்களைப் பரப்பி, அந்தத் தளத்தின்மேல் கட்டப்பட்ட சிறு சிலையறை. கண்டிக்கு அருகே மடவலவிலும், கேகாலை மாவட்டத்துத் தொடந்தலவிலும் இவ்வகை விகாரைகள் உள்ளன. இந்தச் சிலையறைகள் பலவற்றின் சுவர் எதனால் ஆனது என்றால், வரிச்சும் மண்ணும்தான். குடியானவன் வீட்டுச் சுவரே இங்கே கல்லின்மேல் ஏறி, ஓட்டின்கீழ் நின்று, உட்புறம் ஓவியம் தாங்கி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகவும் நிலைத்திருக்கிறது. மண்சுவர் நிலையற்றது என்ற பொதுக்கருத்துக்கு இதைவிட வலிய மறுப்பு இல்லை. நெல்லும் வழிப்போக்கரும் புத்தரும் தரையிலிருந்து உயர்த்தப்பட்டனர். குடியிருப்பவர் மட்டும் மண்மேடையில் பாய் விரித்து உறங்கினர். எதற்கு எவ்வளவு ஆயுள் தேவை என்று ஒரு சமூகம் வகுத்துக்கொண்ட வரிசை இது. அந்த வரிசையில் குடும்பம் தன் வீட்டைக் கடைசியில் வைத்திருக்கிறது.

பெருங்கட்டடங்களுக்கு வந்தால், இந்தத் தொடர்ச்சி மேலும் தெளிவாகிறது. 14 ஆம் நூற்றாண்டில் கம்பளை அரசின்போது எழுந்த எம்பெக்க தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. அதன் மேளமண்டபத்துத் தூண்களில் மற்போர் வீரரும் அன்னமும் இருதலைப் பறவையும் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணவருவோர் பலர். கூரையை அண்ணாந்து பார்ப்போர் சிலர். மண்டபத்தின் முனையில், மூன்று பக்கச் சரிவுகளிலிருந்தும் ஏறிவரும் 26 கைமரங்கள் ஓரிடத்தில் குவிந்து, மதோல் குருபாவ எனப்படும் ஒரே மரமுளையில் கோக்கப்பட்டிருக்கின்றன. இரும்பை நாடாமல் கூரையின் முழுச் சுமையையும் ஒரு மரத்திடம் ஒப்படைத்த இத்துணிவு, ஆணியில்லாமல் கொடியால் கைமரங்களை முகட்டில் பிணைத்த சிறு வீட்டின் பழக்கத்திலிருந்து வளர்ந்தது என்றே கொள்ளவேண்டும். பிரம்புக்கட்டின் இடத்தை இங்கே செதுக்கிய முளை எடுத்துக்கொண்டது. கூரையைக் கால்களிடமும் முகட்டிடமும் நம்பிவிடும் முறை மாறவில்லை.

1344 ஆம் ஆண்டோடு தொடர்புடைய கடலாதெனியவை எம்பெக்கவோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பாசிரியர் அமைத்த கடலாதெனிய கருங்கல்லால் ஆனது. தமிழகக் கற்றளியின் இலக்கணம் அதில் பேசுகிறது. அண்மையிலுள்ள லங்காதிலகவின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரே காலத்தில், சில மைல் தொலைவுக்குள், கடல்கடந்து வந்த கல்லின் முறையும் உள்ளூர் மரத்தின் முறையும் அருகருகே முயன்று பார்க்கப்பட்டன. பின்வந்த நான்கு நூற்றாண்டுகளில் மலைநாடு பெரிதும் பின்பற்றியது மரத்தையே. அதன் உச்சம் மகுல் மடுவ. 1783 இல் இராஜாதி இராஜசிங்கன் தொடங்கிய அந்த மண்டபத்துக்குச் சுவரே கிடையாது. செதுக்கிய தூண்களும் அவற்றின்மேல் விரிந்த கூரையும்தான் அதன் முழு உடல். 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு இராச்சியம் கைமாறியது அங்கேதான். சுவர் எழுப்புவதற்கு முன் கூரையோடு நிற்கும் புல்வீட்டின் நிலையை அந்த அரச மண்டபத்தோடு வைத்துப் பார்ப்பவருக்கு, இரண்டும் ஒரே எண்ணத்தின் இரண்டு அளவுகள் என்பது விளங்கும். கண்டிக் கூரை என்று இன்று விடுதிகளும் வங்கிகளும் போலிசெய்யும் இரட்டைச் சரிவும் இத்தகையதே: நடு அறைக்குமேல் செங்குத்தாக இறங்கும் சரிவு, திண்ணையை மூடுவதற்காக வெளியே நீளும்போது சாய்வு குறைந்து மடிகிறது. திண்ணை இல்லாத கொங்கிரீட்டுக் கட்டடத்தின்மேல் அந்த மடிப்புக்குப் பொருள் இல்லை.

தடையை விதித்த அரசு வீழ்ந்தபின் சிறு வீடு உடனே மாறவில்லை. கோப்பித் தோட்டங்கள் காட்டை விழுங்கியபோது வைரமரமும் இலுக்கும் கொடியும் எட்டாத தொலைவுக்குப் போயின. 1867 இல் கண்டிக்கு வந்த புகையிரதம் தகரத்தையும் இரும்பாணியையும் பின்னர் மங்களூர் ஓட்டையும் கொண்டுவந்தது. தோட்டத்துக்கென்று தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழருக்கு எழுந்ததோ வேறொரு வகைக் கட்டடம்: பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் முதுகோடு முதுகு ஒட்டிய லயன். லயன் அறையும் சிறியதே, கண்டிக் குடியானவன் வீடும் சிறியதே. ஆயினும் குடியானவன் ஓடு போட முடியாவிட்டாலும் தன் வீட்டுக் காலை எங்கே நடுவது, திண்ணையை எந்தப் பக்கம் நீட்டுவது, அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்பதைத் தானே முடிவுசெய்தான். பிள்ளை பெருகினால் இன்னும் இரண்டு கால் நட்டு ஒரு சாய்ப்பு இறக்கினான். லயத்தில் வாழ்ந்தவருக்கு அந்த உரிமையும் இருக்கவில்லை. வீட்டின் வறுமையை அளக்கும்போது சதுர அடியோடு இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

கற்றறிந்தோர் சிறு வீட்டின் பக்கம் திரும்பியது பின்னரே. கண்டியில் 1918 இல் பிறந்த கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா, நவீன வீட்டுக்கான பாடம் கிராமத்தில் இருக்கிறது என்று கண்டவர்களுள் முதன்மையானவர். 1951 இல் முடிவுற்ற கருணாரத்ன இல்லத்தில் தும்பறைப் பாய்ப் பின்னலையும் சுட்டமண் வில்லைகளையும் கண்ணாடியோடும் கொங்கிரீட்டோடும் சேர்த்தார். வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்தில் குடிவரப்போகும் குடும்பங்களின் தேவைகளைக் கேட்டறிந்து வடிவமைத்தார். பார்பரா சன்சோனி, றொனால்ட் லூகொக், லக்கி சேனாநாயக்க ஆகியோர் 1960 களிலிருந்து வரைந்தும் அளந்தும் தொகுத்து 1998 இல் நூலாக்கிய ஆவணம், அம்பலம், விகாரை, வளவு ஆகியவற்றோடு எளிய வீடுகளையும் அதே மதிப்போடு பதிவுசெய்தது. ஆயினும் பாதுகாப்புச் சட்டங்கள் இன்னும் பழமையின் வயதையே கேட்கின்றன. ஆண்டுதோறும் பூசப்பட்டு, அவ்வப்போது வேயப்பட்டு, தலைமுறைக்கொருமுறை கால் மாற்றப்படும் வீட்டுக்கு எந்த வயதைச் சொல்வது? அதன் எந்தப் பகுதியும் பழையதன்று. அதைக் கட்டும் முறைமட்டுமே நொக்ஸின் காலத்தைவிடப் பழையது.

இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. டெம்பிட்ட விகாரையொன்றின் சுவர் மழையில் ஊறிப் பெயர்ந்தால், அதைச் சீமெந்தால் அடைப்பது ஓவியத்தையே கொல்லும்: சீமெந்து நீரை உள்ளே சிறைவைக்கிறது, பக்கத்து மண் விரிந்து சுருங்கும்போது அது அசைவதில்லை, சில பருவங்களில் இரண்டுக்கும் நடுவே பிளவு விழுந்து வண்ணத்தளம் உதிர்கிறது. அங்கே வேண்டியது எந்த மண்ணில் எவ்வளவு உமி சேர்த்தால் வெடிக்காது என்பதைக் காலால் மிதிக்கும்போதே உணரும் ஆள். வரிச்சை எவ்வளவு இறுக்கினால் மண் பிடிக்கும் என்று தெரிந்த விரல். அந்த அறிவு சிற்ப நூல்களில் எழுதிவைக்கப்பட்டதன்று. ஆண்டுதோறும் தம் வீட்டுச் சுவரைத் தாமே பூசிய குடும்பங்களிடம் இருந்தது. மலைநாட்டில் கடைசி வரிச்சு வீடுகளும் சீமெந்துக் கல்லுக்கும் கல்நார்த் தகட்டுக்கும் இடம்விட்டுக்கொண்டிருக்கும் இந்நாளில், அவ்வீடுகளில் இன்னும் குடியிருக்கும் முதியவர்களை விகாரைச் சுவர்ப் பழுதுபார்ப்புக்கு அழைத்து, கூலியும் மதிப்பும் கொடுத்து, இளைய தச்சரையும் மரபுரிமை மாணவரையும் அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, ஒரே வேளையில் இருபுறமும் மண் அப்பப் பழக்குவது செய்யக்கூடிய வேலை. காலம் கடந்துவிடாமல் செய்யவேண்டிய வேலையும்கூட.